ஏழு மணிக்கு நிற்கிற படம்

அன்றைக்கு எங்கள் வீட்டில் இருந்தவர்கள் ஆறு பேர். நான், அம்மா, தங்கச்சி, கலியாணம் பேசுகிற மாமி, நாங்கள் ராத்தா என்று கூப்பிடுகிற பக்கத்து வீட்டு முஸ்லிம் அக்கா, இன்ரநெற் கம்பனியில் இருந்து தோளில் பையோடு வந்த நடுத்தர வயதுக்காரர் ஒருவர். படலை திறந்து கிடந்ததால் ராத்தாவின் ஆடும் உள்ளே வந்து வாழையடியில் நின்றது. அதைக் கணக்கில் சேர்க்கவில்லை. ஐயா இல்லை. அவர் உருத்திரபுரத்தில் வயலோடு நின்றுவிட்டார். சண்டை திரும்பத் தொடங்கி, ஓமந்தையில் ஆட்களுக்குப் பாதை மூடிக் கிடந்தது. 'பிள்ளையின்ர விசயத்தில நீ செய்யிறதுதான் நான் செய்யிறது' என்று ஒரு கொப்பித் தாளில் எழுதி, சாமான் லொறிக்காரர் ஒருவரிடம் கொடுத்து விட்டிருந்தார். அந்தத் தாள் என் சேட்டுப் பைக்குள் இருந்தது. எடுத்து எடுத்துப் பார்த்ததில் மடிப்புக் கிழியத் தொடங்கியிருந்தது.

சனிக்கிழமை, பின்னேரம் மூன்றரை மணி. அன்று இரவு ஏழு மணிக்கு நோர்வேயில் இருந்து மாப்பிள்ளையும் தாயும் கமராவில் வந்து தங்கச்சியைப் பார்ப்பதாக இருந்தது. அது மூன்றாம் தரம். முதல் இரண்டு தரமும் படம் நின்றுபோனது. மூன்றாம் தரமும் நின்றால் இந்தச் சம்பந்தம் இல்லை என்று மாமி சொல்லியிருந்தா. தாய்க்காரியின் கையில் இன்னொரு பிள்ளையின் சாதகக் குறிப்பும் இருக்கிறதாம்.

வவுனியாவில் அப்போது நாங்கள் இருந்தது வாடகை வீடு. நான் தண்ணீர் இறைக்கிற மிசின் திருத்துகிறவன். எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடம் முடிந்தது. மிசின் என்றால் சத்தத்தில் பிழை பிடிப்பேன். காதை வைத்தால் வால்வோ, றிங்கோ, எண்ணெயில் தண்ணீர் கலந்ததோ என்று தெரிந்துவிடும். இந்த இன்ரநெற் பெட்டிக்குச் சத்தமே இல்லை. நாலு பச்சை லைற்றுகள் சும்மா மினுங்கிக்கொண்டிருக்கும். சத்தம் போடாத ஒரு சாமானுக்கு மாதம் மாதம் ஆயிரத்து எழுநூற்றைம்பது ரூபா கட்டுவது எனக்குப் பயமாகவே இருந்தது.

வீட்டுக்கு இன்ரநெற் எடுக்கச் சொன்னதும் மாமிதான். "சந்தியில நெற் கடையில வைச்சுப் பொம்பிளை காட்டுறதோ? பக்கத்துப் பெட்டிக்குள்ள இருந்து ஆரோ ஒருத்தன் எட்டிப் பார்ப்பான். வீட்டில எடும் தம்பி" என்றா. மூடிவிட்ட ஒரு கொம்யூனிகேசன் கடைக்காரரிடம் பழைய கொம்பியூட்டரையும் கமராவையும் வாங்கினேன். கம்பனியில் போய்ப் பதிந்தேன். வீட்டில் ஏற்கனவே ரெலிபோன் இருந்ததால் அதே வயரில் வரும் என்றார்கள். மொடத்தையும், ரெலிபோனுக்கு முன்னால் கொழுவச் சொல்லி ஒரு சின்ன வெள்ளைப் பெட்டியையும் தந்துவிட்டார்கள். அதன் பெயர் ஃபில்ரராம். டீசலுக்கு ஃபில்ரர் தெரியும், காற்றுக்குத் தெரியும். பேச்சுக்கு ஏன் என்று நான் கேட்கவில்லை. கேட்டால் ஆள் படிக்காதவன் என்று தெரிந்துவிடும்.

தேவையில்லாத நேரம் மொடத்தின் வயர்கள் எல்லாவற்றையும் கழற்றித் துவாயில் சுற்றி அலுமாரிக்குள் வைப்பேன். லைற் எரிந்தால் காசு ஓடும் என்று நினைத்தேன். நெற் கடையில் அப்படித்தானே, நிமிசத்துக்குக் காசு. தங்கச்சி சொல்லிப் பார்த்தாள். "அண்ணா, இது மாசக் காசு. பூட்டி வைச்சாலும் ஓடும், திறந்து வைச்சாலும் ஓடும்." எனக்கு நம்பிக்கை வரவில்லை. இடிமுழக்கமும் பயம். வானம் சும்மா இருட்டினாலே கழற்றிவிடுவேன்.

முதல் சனிக்கிழமை தங்கச்சி நாவல் நிறச் சேலை கட்டி, தலைக்குப் பூ வைத்து, கமராவுக்கு முன்னால் கதிரையில் இருந்தாள். ஏழு மணிக்கு அங்கால் தாய்க்காரியின் முகம் வந்தது. எல்லாரும் வணக்கம் சொல்லி முடியவில்லை, படம் நின்றது. எங்களுக்கு அவவின் முகம் நின்றது. அவவுக்கு இவளின் முகம் நின்றிருக்கிறது, ஒரு கண் பாதி மூடினபடி. கண்ணிமைக்கிற நேரம் பார்த்து நின்றுவிட்டது போல. அந்தப் படத்தை அவ அரை மணித்தியாலம் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறா.

மூன்றாம் நாள் மாமி வந்தா. "பிள்ளைக்குக் கண்ணில ஏதும் குறையோ எண்டு கேக்கினம்."

தங்கச்சி குசினிக்குள் நின்றாள். அரிவாளைத் தேங்காயில் போட்ட சத்தம் முன்னுக்குக் கேட்டது. "ஓமெண்டு சொல்லுங்கோ மாமி. மற்றக் கண்ணும் குறைதான், அவையளைப் பார்க்க ஒத்துக்கொண்டதால" என்றாள். அம்மா அவளை உறுக்கினா. நான் அன்று இரவு சாப்பிடவில்லை.

மாப்பிள்ளைக்கு வேலை மாறி மாறி வந்ததால் இரண்டாம் தரத்துக்கு ஒரு மாதம் பொறுக்கவேண்டி வந்தது. அன்றும் ஏழு மணி ஐந்து நிமிசத்துக்குப் படம் நின்றது.

கம்பனிக்குப் போன் எடுக்கத் தொடங்கினேன். சிங்களத்துக்கு ஒன்று, தமிழுக்கு இரண்டு, ஆங்கிலத்துக்கு மூன்று. இரண்டை அமர்த்தினால் முதலில் பாட்டு. பாட்டு முடிய ஒரு பிள்ளை, வானொலியில் செய்தி வாசிக்கிறது போல.

"வணக்கம். உங்களுக்கு எவ்வாறு உதவலாம்?"

"பிள்ளை, எங்கட இன்ரநெற் ஏழு மணிக்கு நிக்குது."

"இப்போது வேலை செய்கிறதா, ஐயா?"

"இப்ப செய்யுது."

"அப்படியானால் பழுது இல்லையே, ஐயா."

"இப்ப காலமை ஒன்பது மணி. பின்னேரம்தான் நிக்கிறது."

"நிற்கிற நேரம் எங்களுக்கு அழையுங்கள், ஐயா."

நிற்கிற நேரம் அழைக்க முடியாது. அந்த நேரம் போன் ராத்தாவிடம் இருக்கும். செல்போன் எங்களிடம் இல்லை. அதன் சிக்னலையும் பாதுகாப்பு என்று சொல்லி நினைத்த நேரம் நிற்பாட்டுவார்கள் என்பதால் நான் வாங்கவில்லை.

ராத்தாவின் கதையை இதில் சொல்லவேண்டும். அவ புத்தளத்தில் பல வருசம் இருந்து, சமாதானம் வந்த பிறகு வவுனியாவுக்கு வந்தவ. அவவின் புருசன் கட்டாரில் வேலை. தனக்கென்று ஒரு லைன் கேட்டுப் பதிந்து, இரண்டு வருசமாகக் காத்திருந்தா. பிறகு நான்தான் எங்கள் போன் வயரில் இருந்து ஒரு கிளை எடுத்து, முருங்கை மரத்தில் கொழுவி, வேலிக்கு மேலால் அவவின் வீட்டுக்கு இழுத்துக் கொடுத்தேன். எங்கள் ஒழுங்கையில் பாதிப் பேர் அப்படித்தான். லைன் வாடகையில் அரைவாசி அவ தருவா. மஃரிப் தொழுது முடிய ஏழு மணிபோல் கட்டாரில் இருந்து போன் வரும். இரண்டு தரம் அடித்து நின்று, திரும்ப அடித்தால் அது ராத்தாவுக்கு. நாங்கள் எடுக்க மாட்டோம். ஒருநாள்கூடப் பிந்தியது கிடையாது அந்த மனிசன். இந்த லைனில் நேரத்துக்கு வந்த ஒரே சாமான் அதுதான்.

இதை வாசிக்கிறவருக்கு இப்போதே விளங்கியிருக்கும். எனக்கு விளங்கவில்லை. மிசினில் என்றால் விளங்கியிருக்கும். ஒரு மோட்டரில் இரண்டு குழாய் பூட்டினால் ஒன்றைத் திறக்க மற்றது குறையும் என்று பத்து வயதில் இருந்தே தெரியும். வயருக்குள் ஓடுவதையும் அப்படி நினைக்கவேண்டும் என்று தோன்றவில்லை.

கம்பனிப் பிள்ளை ஒவ்வொரு தரமும் கேட்கிற கேள்வி ஒன்று இருந்தது.

"உங்கள் வீட்டில் எத்தனை தொலைபேசிகள் இணைக்கப்பட்டுள்ளன, ஐயா?"

"ஒண்டுதான்."

பொய்யில்லை. எங்கள் வீட்டில் ஒன்றுதான். மற்றது மற்ற வீட்டில். ஆனால் சொல்லும்போது வேலிப் பக்கம் பார்ப்பேன். இன்னொரு வீட்டுக்கு லைன் கொடுக்கக் கூடாது என்று படிவத்தில் எழுதியிருந்தது. அதோடு, வேலி தாண்டி வயர் போகிறது என்று அந்தக் காலத்தில் ஒரு கந்தோருக்குச் சொன்னால் அது எந்தக் கந்தோருக்கெல்லாம் போகும் என்று யாருக்குத் தெரியும். நாலு தரம் கேட்டார்கள். நாலு தரமும் ஒன்றுதான் என்றேன். முறைப்பாட்டு இலக்கம் நாலு தந்தார்கள். கொப்பியின் பின் மட்டையில் எழுதி வைத்தேன். மொடத்தை நிற்பாட்டித் திரும்பப் போடுங்கள் என்றார்கள், போட்டேன். வயரை மாற்றுங்கள் என்றார்கள், மாற்றினேன். கடைசியில்தான், சனிக்கிழமை மூன்று மணிக்குப் பிறகு ஆள் வருவார் என்றார்கள்.

வந்தவர் மாத்தளைப் பக்கத்துத் தமிழர். ஐந்து மணிக்கு முதல் முடித்துப் போகவேண்டும், சோதனைச் சாவடியில் வரிசை நீளும் என்று சொல்லிக்கொண்டே சப்பாத்தைக் கழற்றினார். கொம்பியூட்டரைப் பார்த்தார். எல்லாம் சரி. மொடத்தைப் பார்த்தார். சரி. பிறகு கையில் வைத்திருந்த மஞ்சள் போனை வயரில் கொழுவி, காதில் வைத்துக்கொண்டு வெளியே போனார். நான் பின்னால் போனேன். முருங்கை மரத்தடியில் நின்று மேலே பார்த்தார். நானும் முதல்தரம் பார்க்கிறவன் மாதிரி மேலே பார்த்தேன்.

"இது எங்க போகுது?"

அம்மா யன்னலுக்குள்ளால் பார்த்துக்கொண்டு நின்றா. ஆட்டைத் தேடி வந்த ராத்தா படலையடியில் நின்றா.

"அண்ணன், உங்களிட்டத்தான் கேக்கிறேன். இந்த வயர் எங்க போகுது?"

"என்ட வீட்டுக்கு" என்றா ராத்தா. "தம்பிய ஒண்டும் சொல்லாதீங்க. நான்தான் கேட்டு எடுத்த."

அவர் சிரித்தார். "ஏழு மணிக்கு உங்களுக்குப் போன் வருமா?"

"என்ட அவர் எடுப்பார். உங்களுக்கு எப்படித் தெரியும்?"

"இந்த வீட்டு இன்ரநெற்றுக்குத் தெரியும். அங்க போன் அடிச்சாலும், நீங்க தூக்கினாலும் இங்க அது செத்துப்போகும். உங்க பக்கத்தில ஃபில்ரர் இல்ல. வேலிக்கு அந்தப் பக்கம் நான் போட்டுத் தரவும் முடியாது."

கதை எல்லாம் கேட்டுக்கொண்டிருந்த மாமி வாசலுக்கு வந்தா. "ஐயோ, அப்ப ரெண்டு தரமும் இவவாலதானோ?" என்றா. ராத்தாவின் முகம் கறுத்தது. உள்ளே வந்து, தங்கச்சி பூமாலை நறுக்கிக்கொண்டிருந்த கத்தரிக்கோலைக் கையில் இருந்து வாங்கினா. வெளியே போய், எட்டக்கூடிய இடத்தில் வயரைப் பிடித்து வெட்டினா. இரண்டு தரம் வெட்டவேண்டி இருந்தது. கத்தரிக்கோல் மொட்டை.

"ராத்தா, பொறுங்கோ. ஏழு மணிக்கு எடுக்காமல் விட்டாலே போதுமே" என்று தங்கச்சி பின்னால் ஓடினாள்.

"அடிச்சாலே நிக்குமாமே, புள்ள. அவர் அடிக்காம விடமாட்டார்."

கம்பனிக்காரர் எழுதுகிற தாளை முழங்காலில் வைத்துப் பேனையைத் திறந்தார். என்னைத் தனியே கூப்பிட்டார். "வேலிக்கு அந்தப் பக்கம்னு எழுதினா உங்க போனையும் வெட்டிடுவாங்க. வீட்டுக்குள்ள ரெண்டாவது போன் இருந்தது, ஃபில்ரர் போடல்லன்னு எழுதுறேன். அப்ப பிழை உங்களோடது. நான் வந்து பார்த்த கூலி அறுநூறு ரூபா பில்லில வரும். சரிதானே?"

"சரி" என்றேன். அம்மா கொடுத்த தேத்தண்ணியைப் பாதியில் வைத்துவிட்டுப் போனார். அவர் சாவடியில் மாட்டுப்பட்டால் அது என்னால்தானே என்று, போய்ச் சேர்ந்திருப்பாரோ போய்ச் சேர்ந்திருப்பாரோ என்று ஆறரை வரைக்கும் யோசித்துக்கொண்டிருந்தேன்.

ஏழு மணி. தாய்க்காரி வந்தா. மாப்பிள்ளை அவவுக்குப் பின்னால் நின்றார். மாமி கமராவில் படாத இடத்தில் இருந்து கையால் சாடை காட்டிக்கொண்டிருந்தா. தங்கச்சி சொல்லிக்கொடுத்தபடி 'ஓம்', 'இல்லை' என்று மட்டும் சொன்னாள். ஏழு ஐந்து. போன் அடித்தது.

நான் சுவரைப் பிடித்துக்கொண்டேன். இரண்டு தரம் அடித்து நின்றது. திரையில் தாய்க்காரியின் வாய் அசைந்துகொண்டே இருந்தது. திரும்ப அடித்தது. கட்டாரில் இருந்து ஒரு மனிசன் கூப்பிடுகிறார், எடுக்க ஆளில்லை. அம்மா வேலிக்கு ஓடினா. நான் போனை இரண்டு விரலால், சூடான சாமானைத் தூக்குகிற மாதிரித் தூக்கினேன். படம் நிற்கவில்லை.

ராத்தா முக்காட்டை இழுத்து இழுத்து ஓடி வந்து, தங்கச்சிக்குப் பின்னால் இருந்த கதிரையில் இருந்து போனைப் பிடித்தா. மெதுவாகப் பேசத்தான் பார்த்தா. ஆனால் கட்டார் தூரம். "ஓம், வெட்டியாச்சு! வெட்டியாச்சு எண்டு சொல்றன்! கோவமில்ல! சாப்பிட்டீங்களா?"

தாய்க்காரி கிட்ட வந்து பார்த்தா. "பிள்ளை, உமக்குப் பின்னால இருக்கிறது ஆர்?"

மாமி இரண்டு கையாலும் தலையைப் பிடித்தா. தங்கச்சி திரும்பிப் பார்த்தாள். அதுவரைக்கும் நிமிராதவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

"பக்கத்து வீட்டு ராத்தா. அவாவின்ர அவர் கட்டாரில இருந்து எடுத்திருக்கிறார். இவ்வளவு நாளும் அவாவின்ர போனாலதான் எங்கட படம் நிண்டது. இண்டைக்கு எனக்காக வயரை வெட்டிப்போட்டா. இனி இஞ்ச வந்துதான் கதைக்கவேணும்."

"எப்பிடி நிண்டது எண்டால்?"

"இப்பிடி" என்று ஒரு கண்ணைப் பாதி மூடி, வாயைக் கோணலாக வைத்துக்கொண்டு, ஆடாமல் அசையாமல் இருந்து காட்டினாள். மாப்பிள்ளை சிரித்த சத்தம் ஸ்பீக்கரில் கரகரத்தது. தாய்க்காரியும் சிரித்தா. "கண் வடிவாத்தானே கிடக்கு" என்று மகனைப் பார்த்துச் சொன்னா. நான் திரும்ப ஒரு தரம் ஐயாவின் தாளைத் தொட்டுப் பார்த்தேன்.

இரண்டு கிழமையில் சம்மதம் வந்தது. தையில் மாப்பிள்ளை கொழும்புக்கு வந்து கலியாண எழுத்து நடந்தது. பிறகு விசாவுக்குக் காத்திருக்கிற மாதங்கள். அறுந்த வயரை நான் திரும்பக் கொழுவவில்லை, பயம். ராத்தா ஒவ்வொரு நாளும் ஏழு மணிக்கு வந்து அந்தக் கதிரையில் இருப்பா. ஒரு பக்கம் நோர்வே, மறுபக்கம் கட்டார். அம்மாவுக்கு ரேடியோ தேவைப்படவில்லை.

இரண்டு மாதத்துக்கும் சேர்த்துப் பில் வந்தது. நான் கவுண்டருக்குப் போய், வேலை செய்யாத இரண்டு மாதத்து இன்ரநெற் வாடகையைக் கழிக்கச் சொல்லிக் கேட்டேன். கவுண்டரில் இருந்தவர் திரையைப் பார்த்தார்.

"பிழை உங்கட வீட்டுக்குள்ள எண்டு ரிப்போட்டில கிடக்கு. கழிக்க ஏலாது."

"அது வீட்டுக்குள்ள இல்லை" என்று வாய்வரை வந்தது. நிறுத்திக்கொண்டேன்.

"ஒரு போன்தான் எண்டு நாலு தரம் சொல்லியிருக்கிறியள் அண்ணை. அதுவும் கிடக்கு."

வீட்டுக்கு வந்தேன். தங்கச்சி, வேலை செய்யாத நாளுக்கு ஏன் காசு, மாசக் காசை மட்டும் கட்டுங்கோ என்றாள். அப்படியே செய்தேன். ஒவ்வொரு மாதமும் அந்த மாதத்தை மட்டும் கட்டினேன். பழைய பாக்கி பில்லின் அடியில் தனி வரியாக வந்துகொண்டேயிருந்தது. இரண்டு மாத வாடகை மூவாயிரத்து ஐந்நூறு, வந்து பார்த்த கூலி அறுநூறு, பிந்தினதுக்கு நூற்றுப் பதினைந்து. பிறகு சிவப்பு எழுத்தில் ஒரு கடிதம்.

தங்கச்சிக்கு விசா வந்த அன்றுதான் அந்தக் கடிதத்தை வடிவாக வாசித்தேன். 'சட்ட நடவடிக்கை' என்று இருந்தது. எல்லாம் இப்போது கொம்பியூட்டரில்தானே. விமான நிலையத்தில் அவளின் அடையாள அட்டையைத் தட்டும்போது விலாசம் வரும். விலாசத்தோடு பாக்கி வரும். பிள்ளையை நிற்பாட்டினால்? இதை யாரிடமும் கேட்கவும் வெட்கம். கேட்காமல் இருக்கவும் முடியவில்லை. ராத்தாவிடம் சொன்னேன். "அப்படியெல்லாம் இல்ல தம்பி. அப்படியெண்டா கட்டாருக்கு ஒருத்தரும் போகேலாது" என்றா. அவ சொன்னதும் எனக்கு ஆறவில்லை.

வெளிக்கிடுவதற்கு முதல் நாள் காசைச் சரியாக எண்ணி ஒரு கவரில் போட்டுக்கொண்டு போனேன். கவுண்டரில் ஒன்பது பேர் நின்றார்கள். உள்ளே மின்விசிறி சுற்றியது, லைற் எரிந்தது, ஆனால் ஒருவரும் காசு வாங்கவில்லை.

"கொழும்போட கனெக்சன் இல்லை அண்ணை. காலமை இருந்து சிஸ்டம் விழுந்து கிடக்கு. நாளைக்கு வாங்கோ."

"நாளைக்கு நான் இல்லை. காசை வைச்சிட்டுப் போறன், பிறகு பதியுங்கோ."

"அப்பிடி வாங்க ஏலாது."

"மொடத்தை நிற்பாட்டித் திரும்பப் போட்டுப் பார்த்தியளோ?" என்று எனக்குப் பின்னால் நின்ற ஒருவர் கேட்டார். ஒன்பது பேரும் சிரித்தார்கள். நான் கவரை மடித்து, ஐயாவின் தாள் இருந்த பைக்குள்ளேயே வைத்தேன்.

விமான நிலையத்தில் வாசலுக்கு அங்கால் எங்களை விடவில்லை. அம்மா கட்டிப்பிடித்து முடிந்த பிறகு எனக்கு என்ன செய்வதென்று தெரியவில்லை. அவளின் கையில் சிலவுக்குக் கொஞ்சம் கொடுக்கவேண்டும் என்று அப்போதுதான் நினைவு வந்தது. மறுபையில் திரும்பிப் போகிற பயணக்காசு மட்டும்தான். கவரை எடுத்துக் கொடுத்தேன்.

"என்ன அண்ணா இது?"

"வை. ஐயாயிரம் ரூபா வரைக்கும் கொண்டுபோக விடுவினமாம். இது அதுக்குள்ளதான். பிடிக்கமாட்டினம்."

உள்ளே போய் வரிசையில் நின்றாள். கண்ணாடிக்கு வெளியே நின்று, அவளின் பாஸ்போட்டுப் புத்தகத்தைத் தட்டிக்கொண்டிருந்த ஆளின் முகத்தையே பார்த்தேன். அவர் ஒரு தரம் அவளை நிமிர்ந்து பார்த்தார். முத்திரை குத்தினார். அவள் திரும்பி, ஒரு கண்ணைப் பாதி மூடி, வாயைக் கோணலாக்கிக் காட்டிவிட்டுப் போனாள்.

நாங்கள் வவுனியாவுக்குத் திரும்பி வர, கம்பனி லைனை வெட்டியிருந்தது. ராத்தாதான் மூன்று நாளாக வந்து பார்த்துவிட்டுப் போயிருக்கிறா. தங்கச்சி பிறகு எழுதினாள், அந்தக் காசு அங்கே ஒன்றுக்கும் உதவாதாம், கவரோடு அலுமாரிக்குள் வைத்திருக்கிறாளாம். நாலு ஆயிரம் ரூபாத் தாள், இரண்டு நூறு ரூபாத் தாள், ஒரு பத்து, ஒரு ஐந்து ரூபாக் குத்திக்காசு. கம்பனிக்கு நான் இன்னும் கட்டவேண்டியதும் அதுவேதான், நாலாயிரத்து இருநூற்றுப் பதினைந்து ரூபா.